"அண்ணன் நான் இருக்கேன்": குண்டர் கும்பல்களைப் பற்றி வகுப்பில் பேசுவது எப்படி?



உயர்நிலை இரண்டு மாணவர்களை லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணம் அழைத்துச் சென்றிருந்தேன். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்துவிட்டு, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இங்கதானே அந்த கேங் சண்டை நடந்துச்சு? வண்டியெல்லாம் எரிச்சாங்களே?"

"அது கேங் சண்டை இல்லப்பா" என்றேன்.

"அப்போ கேங்னா என்ன டீச்சர்?"

நடைபாதையில் நின்றபடி என்னால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வகுப்புக்குத் திரும்பிய பிறகு இன்னொரு மாணவி, ஹெய்ட்டி நாட்டில் துப்பாக்கிக் கும்பல்கள் தலைநகரையே பிடித்துவைத்திருக்கும் காணொளியைப் பார்த்ததாகச் சொன்னாள். "இங்கயும் அப்படி ஆகுமா?" என்று கேட்டாள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வகுப்பிலும் இதே கேள்விகள் வரும். நான் இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பிரிப்போம்

தமிழில் 'கும்பல்' என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கூடி நிற்பதும் கும்பல், கோபத்தில் கல்லெறிவதும் கும்பல், மிரட்டிப் பணம் பறிப்பதும் கும்பல். மாணவர் குழம்புவதில் வியப்பில்லை.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் நடந்தது கலவரம். வெளிநாட்டு ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைக் கண்டவர்களின் கோபம் பெரிதாகி, சுமார் 300 பேர் வன்முறையில் இறங்கினர். ஓர் அவசர மருத்துவ வாகனம் எரிந்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. அன்று அங்கே தலைவர் இல்லை, திட்டம் இல்லை, பெயர் இல்லை. மறுநாள் காலை அந்தக் கூட்டமும் இல்லை.

குண்டர் கும்பல் என்பது வேறு. அதற்குப் பெயர் உண்டு, மேல் கீழ் என்ற வரிசை உண்டு, வருமானம் உண்டு, "இது எங்க ஏரியா" என்ற எல்லையும் உண்டு. ஒரு சண்டை முடிந்தாலும் அது கலைவதில்லை. வன்முறை அதற்குத் தொழிற்கருவி.

'குண்டர்' என்ற சொல் இந்தியில் வழங்கும் 'குண்டா' என்பதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 1982இல் வந்த தடுப்புக்காவல் சட்டத்தைக் 'குண்டர் சட்டம்' என்றே மக்கள் சொல்கிறார்கள். நம் ஊர்ச் செய்திகளிலோ 'ரகசியக் கும்பல்' என்ற சொல்லும் சேர்ந்து வரும். அந்த 'ரகசிய'த்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சங்கமாகப் பிறந்தவை

19ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த கூலித் தொழிலாளிக்கு இங்கே யாரும் இல்லை. வேலை வாங்கித் தர, நோயில் பார்த்துக்கொள்ள, இறந்தால் அடக்கம் செய்ய, அடித்தால் கேட்க, அவனுக்குக் கிடைத்தது கீ ஹின் போன்ற சங்கங்கள்தான். பிரிட்டிஷ் அரசாங்கம் அவன் மொழியைப் பேசவில்லை. அவன் வாழும் தெருவுக்குள் வரவும் இல்லை. அந்த வெற்றிடத்தில் சங்கம் அரசாங்கமாகவே நடந்துகொண்டது. சூதாட்டம், அபின், விபசாரம் ஆகியவற்றில் வந்த பணம் அதை வளர்த்தது. 1854இல் ஹாக்கியன், தியோச்சியூ பிரிவினரிடையே மூண்ட கலவரம் நாள்கணக்கில் நீடித்து, நூற்றுக்கணக்கானோர் உயிரைக் குடித்தது.

"அது சீனர் கதைதானே?" என்று மாணவர் கேட்கலாம். 1867 ஆகஸ்ட்டில் நடந்த பினாங்குக் கலவரத்தை எடுத்துக்காட்டுங்கள். கீ ஹின் ஒரு பக்கம், தோ பே காங் என்ற சங்கம் மறுபக்கம். அவற்றோடு வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரண்டு முஸ்லிம் சங்கங்களும் அணி சேர்ந்தன. மலாய்க்காரரும் இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அவற்றில் இருந்தார்கள். மொழியும் மதமும் வேறாக இருந்தும், "நீ எனக்கு, நான் உனக்கு" என்ற ஒப்பந்தம் அவர்களைச் சேர்த்தது. ஏறத்தாழ பத்து நாள் அந்த ஊர் எரிந்தது.

1877இல் சீனர் பாதுகாப்பகம் தொடங்கப்பட்டது. அதன் தலைவரான வில்லியம் பிக்கரிங்குக்குச் சீன மொழி தெரியும். தொழிலாளியின் மொழியிலேயே அவன் குறையைக் கேட்ட முதல் அலுவலகம் அது என்று சொல்லலாம். மொழியாசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. தன் மொழியில் முறையிட ஓர் இடம் கிடைத்ததும், சங்கத்தைத் தேடிப் போக வேண்டிய தேவை கொஞ்சம் குறைந்தது. 1890இல் நடப்புக்கு வந்த சங்கங்கள் சட்டம் இவற்றைச் சட்டவிரோதமாக்கியது. சங்கங்கள் மறைந்துவிடவில்லை. ரகசியமாயின. உதவி செய்யும் முகம் மெல்ல மறைந்து, பணம் பறிக்கும் முகம் மட்டும் மிஞ்சியது.

எளிதல்லாத தீவு

1950களில் கும்பல்கள் எண்களால் அறியப்பட்டன: 08, 18, 24, 36, 108. கடைக்காரர் முதல் தள்ளுவண்டிக்காரர் வரை 'பாதுகாப்புப் பணம்' கட்டினர். ஆள்கடத்தலும் நடந்தது. சாட்சி சொல்ல யாருக்கும் துணிவில்லை. அந்தச் சூழலில்தான் 1955இல் குற்றவியல் சட்டம் (தற்காலிக விதிகள்) வந்தது. விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்க அது இடம் தருகிறது. பெயரில் 'தற்காலிக' என்று இருந்தாலும், நாடாளுமன்றம் மறுபடி மறுபடி நீட்டித்து, 2024இலும் நீட்டித்தது. சாட்சிகளைக் காக்க இது வேண்டும் என்பது ஒரு வாதம். விசாரணையின்றி ஒருவரைச் சிறை வைக்கலாமா என்பது எதிர்வாதம். உயர்நிலை நான்கு வகுப்புக்கு நல்ல விவாதத் தலைப்பு.

தடுத்துவைத்தவர்களை என்ன செய்வது? 1960இல் தேவன் நாயர் தலைமையில் சிறைகள் பற்றி ஆராய்ந்த ஆணையம் ஒரு வழி சொன்னது. அவர் பின்னாளில் நம் அதிபரானவர். அதன்படி தெற்கே புலாவ் செனாங் தீவில் கம்பிவேலி இல்லாத குடியிருப்பு ஒன்று உருவானது. கைதிகளே காட்டை வெட்டி, சாலை போட்டு, வீடு கட்டினர். உழைப்பு மனிதரை மாற்றும் என்று அதன் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் நம்பினார். 1963 ஜூலை 12 அன்று அந்தக் கைதிகளில் ஒரு பகுதியினர் தாங்கள் கட்டியவற்றையே எரித்து, டட்டனையும் அதிகாரிகள் சிலரையும் கொன்றனர். 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

'செனாங்' என்றால் மலாயில் 'எளிது', 'சுகம்' என்று பொருள். கும்பலுக்குள் போய்விட்ட ஒருவரை மீட்பது எத்தனை கடினம் என்பதற்கு அந்தத் தீவைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் போகுமுன் பேச வேண்டும் என்கிறேன்.

பாலத்துக்கு அப்பால்

2013 ஆகஸ்ட்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் 40,000க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 29,000 பேர் இந்தியர். மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 7 விழுக்காடுதான். அந்த எண்ணைப் பார்த்து நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நம்ம ஆளுங்களே அப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள். வகுப்பிலும் சொல்வார்கள். அதை அங்கேயே நிறுத்துங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். தலைமுறைகளாக ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையை மட்டும் இழக்கவில்லை. வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, பக்கத்து வீட்டுச் சித்தப்பா எல்லாம் ஒரே நாளில் போயின. நகரத்து ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்த பையனுக்கு அப்பா இரவு வேலையில், அம்மா தொழிற்சாலையில். தெருமுனையில் நின்றவன் மட்டுமே "சாப்பிட்டியாடா?" என்று கேட்டான்.

கீ ஹின் காலத்துக் கூலித் தொழிலாளிக்கும் இவனுக்கும் நூறாண்டு இடைவெளி. கதை ஒன்றே.

ஹெய்ட்டி: வெற்றிடம் ஒரு நாட்டளவு பெரிதானால்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஹெய்ட்டியில் அரசியல்வாதிகளும் வசதி படைத்தவர்களும் தேர்தலுக்காகவும் தொழிலுக்காகவும் கும்பல்களை வளர்த்தார்கள். ஒரு கட்டத்தில் வளர்த்தவர் கையை மீறி அவை வளர்ந்தன. 2021 ஜூலை 7 அன்று அதிபர் ஜொவெனல் மொயிஸ் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2023 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பிரதிநிதிகூடப் பதவியில் இல்லை. 2024இல், அதுவரை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த கும்பல்கள் கைகோத்து, காவல் நிலையங்களையும் விமான நிலையத்தையும் தாக்கின. சிறையை உடைத்து ஆயிரக்கணக்கான கைதிகளை வெளியே விட்டன. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அவற்றின் பிடியில் போனது. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி அந்த ஓராண்டில் மட்டும் 5,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர்.

அந்தக் கூட்டணியின் பெயர் 'விவ் அன்சான்ம்'. ஹெய்ட்டிய கிரியோல் மொழியில் 'சேர்ந்து வாழ்வோம்' என்று பொருள். கும்பல்கள் எப்போதும் நல்ல சொற்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

ஒரே ஒரு தகவல் என்னை உறங்கவிடவில்லை. அங்குள்ள ஆயுதக் குழுக்களில் 30 முதல் 50 விழுக்காட்டினர் சிறுவர்கள் என்று யுனிசெஃப் மதிப்பிட்டது. பள்ளிகள் மூடப்பட்ட இடத்தில், சாப்பாடு கொடுப்பது கும்பல் மட்டுமே.

"இங்கயும் அப்படி ஆகுமா?" இங்கே துப்பாக்கி கிடைப்பதில்லை. சட்டம் கடுமை. காவல்துறையும் நீதிமன்றமும் நடக்கின்றன. அதனால் ஹெய்ட்டி இங்கே வராது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு நாட்டில் வெற்றிடம் இல்லாவிட்டாலும், ஒரு வீட்டில் இருக்கலாம். ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் மாலை நேரத்தில் இருக்கலாம்.

இங்கே அது எப்படி வருகிறது?

2010 அக்டோபர் 30 அன்று பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்ட்டில் 19 வயது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தாக்கியவர்களும் ஏறக்குறைய அவர் வயதினர்தான். முறைத்துப் பார்த்ததில் தொடங்கிய தகராறு. "என்னடா முறைக்கிற?" இவ்வளவுதான் ஆரம்பம்.

369 என்ற எண்ணை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாக்கியனில் 'சா லாக் காவ்'. சீனப் பெயர் கொண்ட கும்பலில் மலாய், தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹாக்கியனில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத நம் பையன், தான் சேர்ந்த கும்பலின் பெயரை மட்டும் அந்த மொழியில் முழங்குகிறான்.

எல்லாம் மெல்லத்தான் நடக்கும். புளோக் கீழ்த்தளத்தில் காற்பந்து. பிறகு ஒரு 'அண்ணன்' வருவார். தேக்காவில் பிரியாணி, ஒரு பழைய கைப்பேசி, ஒரு சிகரெட். பள்ளியில் யாரோ சீண்டியதாகச் சொன்னால், "அண்ணன் நான் இருக்கேன், கவலைப்படாத." அதன்பின் ஒருநாள், "சும்மா வந்து நில்லு, ஆள் கணக்குக்கு." மறுக்க முடியாது. சாப்பிட்டாயிற்று, கைப்பேசியும் வாங்கியாயிற்று.

அந்த 'சும்மா நிற்பது' பற்றிச் சட்டம் சொல்வதை ஒவ்வொரு மாணவரும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்ற நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் ஒருவர் வன்முறையில் இறங்கினால் கலவரக் குற்றம் எல்லார் மேலும் வரும். ஏழாண்டு வரை சிறை, பிரம்படி. பொதுநோக்கத்துக்காக ஒருவர் வெட்டினால் மற்றவரும் பொறுப்பு. "நான் அடிக்கல டீச்சர், நின்னேன்" என்பது தற்காப்பு ஆகாது. சண்டையே போடாமல் சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலே மூன்றாண்டு வரை சிறையோ 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

நான் திருத்திய கட்டுரை

இப்போது அந்த இன்னொரு காரணம்.

ஆசிரியராக வந்த தொடக்க ஆண்டுகளில், 'என்னைக் கவர்ந்த ஒருவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தான். அண்ணன் தினமும் புளோக்குக்குக் கீழே காத்திருப்பார். பசித்தால் வாங்கித் தருவார். யாராவது தொட்டால் கேட்பார். அவர் கையில் பச்சை குத்தியிருப்பார். "அவர் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை" என்று முடித்திருந்தான்.

நான் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டேன். 'காத்து இருப்பார்' என்று பிரித்து எழுதியதைச் சேர்த்துப் போட்டேன். 'உணர்ச்சியோடு எழுதியிருக்கிறாய், நன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவனுக்கு அண்ணனே கிடையாது. வீட்டில் மூத்த பிள்ளை அவன்தான். அது எனக்குத் தெரிந்தது, சில மாதங்கள் கழித்து ஒரு கடைத்தொகுதி வாசலில் நடந்த சண்டையில் அவனைக் காவல்துறை பிடித்த பிறகு. அன்று அவன் அம்மா பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, "அவன் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்று அழுதார். என்னிடம் சொல்லியிருந்தான். இரண்டு பக்கம் எழுதிச் சொல்லியிருந்தான்.

அவனுக்கு ஆலோசனைத் திட்டத்தில் சேர வாய்ப்புக் கிடைத்தது. மீண்டு வந்தான். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் ஒருமுறை பார்த்தேன், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பதாகச் சொன்னான். கட்டுரை பற்றி நான் கேட்கவில்லை. அவனும் பேசவில்லை.

நாம் செய்யக்கூடியவை

மொழி வகுப்பில்தான் பிள்ளைகள் வீட்டைப் பற்றிப் பேசுவார்கள், எழுதுவார்கள். அதனால் நமக்கு மற்ற பாட ஆசிரியர்களைவிட முன்கூட்டியே தெரிய வாய்ப்புண்டு.

1. கட்டுரையில், வாய்மொழிப் பயிற்சியில் புதிதாக ஓர் 'அண்ணன்', 'தலை' வந்தால், இயல்பாகக் கேளுங்கள்: "யாருப்பா இவர், சொந்தக்காரரா?"

2. புத்தக அட்டையில் திரும்பத் திரும்ப வரும் எண்கள், திடீர்ப் பணம், காயங்கள், பள்ளிக்கு வராத நாள்கள், பழைய நண்பர்களை விட்டு விலகுவது ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கிறுக்கிய எண் காற்பந்து வீரரின் சட்டை எண்ணாகவும் இருக்கும்.

3. நாமே போலீஸ் ஆகிவிடக் கூடாது. வகுப்பு முன் கேட்கவும் கூடாது. பள்ளி ஆலோசகரிடமும் பொறுப்பாசிரியரிடமும் அன்றே சொல்லுங்கள். கும்பல் பக்கம் சாய்ந்த இளையருக்காக 1997இல் தொடங்கிய 'ஸ்ட்ரீட்வைஸ்' திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு உதவ சிண்டா இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 999.

4. பெற்றோரிடம் பேசும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "உங்க பையன் கேங்ல இருக்கான்" என்று சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். "சாயங்காலம் யாரோட இருக்கான்னு பார்த்துக்கலாமா?" என்றால் திறக்கும்.

ஒரு பாடவேளைக்கு ஒரு நடவடிக்கை சொல்கிறேன். கூட்டம், குழு, கும்பல், கலவரம், குண்டர் கும்பல், சட்டவிரோதக் கூட்டம் ஆகிய ஆறு சொற்களையும் தனித்தனி அட்டைகளில் எழுதுங்கள். ஆறு சூழல்களைச் சொல்லி எந்தச் சொல் பொருந்தும் என்று குழுவாகத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியா 2013 ஒன்று, பினாங்கு 1867 ஒன்று, 'சும்மா வந்து நில்லு' ஒன்று. பிறகு ஒரே கேள்வி: "உன் வயதுப் பையன் ஒருவன் அந்த அண்ணனிடம் போகிறான். அவனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? அதை வேறு யார் கொடுத்திருக்கலாம்?" பதில்களைப் பெயரில்லாமல் தாளில் எழுதி வாங்குங்கள்.

என் வகுப்பில் வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. அப்பா என்று சிலர், நண்பன் என்று சிலர். நான்கைந்து தாள்களில் 'டீச்சர்' என்று இருந்தது.

இந்த முறை நான் எந்தத் தாளிலும் ஒற்றுப்பிழை பார்க்கவில்லை.